ரோம், ‘திறந்த நகரம்’: படத்தில் தெரிந்த ஊரும் இன்றைய ஊரும்

ரொபெர்த்தோ ரோஸெல்லினி எடுத்த ‘ரோம், திறந்த நகரம்’ 1945-இல் வெளியானது. திரைப்படச் சங்கங்களில் இன்றும் திரையிடப்படும் படம் இது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு மூன்று சந்தேகங்கள் வருவது வழக்கம். படம் முழுக்க ஜெர்மன் படையினர் ஊருக்குள் நடமாடுகிறார்கள்; கைது, சித்திரவதை, சுட்டுக்கொலை எல்லாம் நடக்கின்றன. அப்படியிருக்க அது என்ன ‘திறந்த நகரம்’? ஜெர்மானியர் ஊரில் இருக்கும்போதே மறைந்து நின்று எடுத்த படமா இது? அதில் வரும் தெருக்கள் இன்று எப்படி இருக்கின்றன?

மூன்றாவது கேள்விக்கான விடை முதல் இரண்டையும் சார்ந்தது. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

‘திறந்த நகரம்’ என்பது சட்டப்படி என்ன?

போரில் ஒரு நகரத்தைக் காக்க யாரும் சண்டையிடப் போவதில்லை என்றால், அதைத் தாக்குவதற்குக் காரணமில்லை. இந்த எண்ணத்தை 1907-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தின் போர் விதிகள் எழுத்தில் வைத்தன. பாதுகாப்புப் படை இல்லாத ஊரையோ குடியிருப்பையோ எந்த வழியிலும் தாக்கக் கூடாது என்கிறது அதன் 25-ஆம் பிரிவு. இதையே இன்னும் தெளிவாக்கியது 1977-இல் வந்த ஜெனீவா ஒப்பந்தங்களின் முதல் கூடுதல் நெறிமுறை. அதன் 59-ஆம் பிரிவின்படி ஓர் ஊர் இந்தப் பாதுகாப்பைப் பெற நான்கு நிபந்தனைகள் உண்டு:

1. போர்வீரர்களும், நகர்த்தக்கூடிய ஆயுதங்களும் தளவாடங்களும் ஊரைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும்.
2. நகர்த்த முடியாத ராணுவ நிலையங்களை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.
3. அதிகாரிகளோ பொதுமக்களோ சண்டையில் இறங்கக் கூடாது.
4. ராணுவ நடவடிக்கைகளுக்குத் துணையான வேலை எதுவும் அங்கே நடக்கக் கூடாது.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ‘திறந்த’ என்றால் எதிரி உள்ளே வருவதற்குத் திறந்திருக்கிறது என்று பொருள். எதிரிப் படை நுழையலாம், யாரும் தடுக்க மாட்டோம், பதிலுக்குக் குண்டு போடாதீர்கள் என்பதுதான் பேரம். 1940 ஜூனில் பாரிஸ் அப்படித்தான் சண்டையின்றி ஜெர்மானியர் கைக்குப் போனது. 1941 டிசம்பரில் மணிலாவைத் திறந்த நகரமாக அறிவித்தார்கள். அதன் பிறகும் ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு போட்டன. அறிவிப்பு மட்டும் ஊரைக் காப்பாற்றிவிடாது.

ரோமில் நடந்தது

1943 ஜூலை 19 அன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் ரோமைத் தாக்கின. குறி, சரக்கு ரயில் முற்றங்கள். அடி விழுந்ததோ முற்றத்தை ஒட்டியிருந்த சான் லொரென்ஸோ என்ற தொழிலாளர் குடியிருப்பின் மீது. ஒரு வாரத்துக்குள் முசோலினி பதவியிழந்தார். ஆகஸ்ட் 13-இல் மறுபடி குண்டுவீச்சு. அடுத்த நாள், ஆகஸ்ட் 14 அன்று, முசோலினிக்குப் பின் பிரதமரான பதோலியோவின் அரசு ரோமைத் திறந்த நகரம் என்று அறிவித்தது.

செப்டம்பர் 8-இல் இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் செய்துகொண்டதாக அறிவிப்பு வந்தது. மன்னரும் பதோலியோவும் மறுநாளே தலைநகரை விட்டுப் போய்விட்டார்கள். அதுவரை கூட்டாளிகளாக இருந்த ஜெர்மானியரைச் சான் பாவ்லோ வாயிலில் படைவீரர்களும் பொதுமக்களும் சேர்ந்து எதிர்த்துப் பார்த்தார்கள். செப்டம்பர் 10-க்குள் ஊர் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. 1944 ஜூன் 4-இல் நேச நாட்டுப் படை நுழையும்வரை ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அந்த ஆட்சி நீடித்தது.

அந்த நான்கு நிபந்தனைகளை இந்த ஒன்பது மாதங்களோடு ஒப்பிட்டால் ஒன்றுகூடத் தேறாது. ரோமுக்குத் தெற்கே இருந்த போர்முனைகளான கஸீனோவுக்கும், 1944 ஜனவரிக்குப் பிறகு அன்ஸியோ போர்முனைக்கும் ஜெர்மன் படைகளும் தளவாடங்களும் ரோம் வழியாகவே போயின. நேச நாடுகள் அந்த அறிவிப்பை ஏற்கவே இல்லை, குண்டுவீச்சு தொடர்ந்தது. பாதுகாப்பு எதுவும் கிடைக்காமல், எதிரிக்கு மட்டும் ஊர் திறந்து கிடந்தது. படத்தின் தலைப்பு இந்த ஏமாற்றத்தைத்தான் சுமக்கிறது.

படத்துக்குள் வந்த நிஜம்

கதை, ஜெர்மானியர் தேடும் எதிர்ப்பு இயக்கத் தலைவர் மன்ஃபிரெதி, அவருக்கு அடைக்கலம் தேடித் தரும் அச்சுத் தொழிலாளி பிரான்செஸ்கோ, அவரை மணக்கவிருக்கும் பீனா, உதவி செய்யும் பாதிரியார் தொன் பியெத்ரோ ஆகிய நால்வரைச் சுற்றி நடக்கிறது. இதில் பெரும்பகுதி அப்போது ஊரே அறிந்திருந்த நிகழ்வுகளிலிருந்து எடுத்தது.

தொடக்கத்தில் பெண்கள் ரொட்டிக்கடையைச் சூறையாடுகிறார்கள். 1944 மார்ச் கடைசியில் ஒருவருக்கான ரொட்டிப் பங்கீடு நாளுக்கு 150 கிராமிலிருந்து 100 கிராமாகக் குறைந்தது. ரொட்டிக்கடைகள் மீது பெண்கள் பாய்ந்தது உண்மையாகவே நடந்தது. ஊரடங்கும் அப்படியே. எதிர்ப்பு இயக்கத்தினர் பயன்படுத்தினார்கள் என்பதால் சைக்கிளுக்குக்கூடத் தடை இருந்தது.

தொன் பியெத்ரோவுக்குப் பின்னால் இரண்டு பாதிரியார்கள் இருக்கிறார்கள். ஜுசெப்பே மொரோஸினி 1944 ஏப்ரல் 3-இல் பிரவெத்தா கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட நிறுத்தப்பட்ட இத்தாலியர்களில் பலர் குறியை வேண்டுமென்றே தவறவிட்டதாகச் சொல்வார்கள், படத்தின் இறுதிக் காட்சியிலும் அதுவே நடக்கிறது. இன்னொருவர் பியெத்ரோ பப்பகல்லோ. ராஸெல்லா தெருவில் மார்ச் 23 அன்று எதிர்ப்பு இயக்கத்தினர் வைத்த குண்டில் ஜெர்மன் காவல் படையினர் 33 பேர் இறந்தார்கள். ஒருவருக்குப் பத்துப் பேர் என்று பழிவாங்க உத்தரவு வந்தது. மறுநாள் ஆர்தேயாத்தீனே குகைகளில் 335 பேரைக் கொன்றார்கள். அவர்களில் பப்பகல்லோவும் ஒருவர்.

பீனாவுக்குப் பின்னால் இருப்பவர் தெரேஸா குல்லாச்சே. மார்ச் 3 அன்று ஜூலியோ சேஸரே சாலையிலிருந்த படை முகாமின் முன்னே, உள்ளே அடைக்கப்பட்டிருந்த கணவரை நெருங்க முயன்றபோது ஒரு ஜெர்மன் வீரன் அவரைச் சுட்டுக் கொன்றான். அப்போது அவர் கர்ப்பிணி. ஐந்து குழந்தைகளின் தாய். பீனாவாக நடித்த அன்னா மாஞானி லாரியின் பின்னால் கத்திக்கொண்டே ஓடி, குண்டடிபட்டு விழும் அந்தக் காட்சி இதிலிருந்து பிறந்தது.

படம் விட்டுவிட்டதையும் சொல்லத்தான் வேண்டும். 1943 அக்டோபர் 16 அன்று பழைய யூதக் குடியிருப்பிலும் ஊரின் மற்ற பகுதிகளிலும் ஒரே நாளில் யூதர்களைச் சுற்றி வளைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ஏற்றினார்கள். திரும்பியவர்கள் 16 பேர். ஆக்கிரமிப்புக் கால ரோமில் நடந்த ஆகப் பெரிய கொடுமைக்குப் படத்தில் இடமில்லை. இத்தாலிய பாசிஸ்டுகளின் பங்கும் மிக மெலிந்தே தெரிகிறது. கொடூரமெல்லாம் ஜெர்மன் அதிகாரி பெர்க்மனின் தலையில் குவிகிறது. கம்யூனிஸ்டும் கத்தோலிக்கரும் ஒன்றாக நின்றோம் என்று அன்றைய இத்தாலி தன்னைப் பற்றி நம்ப விரும்பியது. படம் அந்த விருப்பத்துக்கு உருக்கொடுத்தது. மகத்தான படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு ரோமின் போர்க்கால வரலாறு தெரிந்துவிட்டது என்று நினைக்க முடியாது.

ஒளிந்து எடுத்த படமா?

இல்லை. ஊர் விடுதலையாகி ஏழு மாதங்களுக்குப் பிறகு, 1945 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கியது. வட இத்தாலியில் அப்போதும் போர் நடந்துகொண்டிருந்தது. அது ஓய ஏப்ரல் கடைசியாயிற்று. கிட்டத்தட்ட ஓராண்டுக்கு முன் தங்கள் தெருவில் நடந்ததை, அதே ஊர்க்காரர்கள் மறுபடி நடித்துக் காட்டினார்கள்.

செய்திப்படம் போலத் தோன்றக் காரணங்கள் சில:

1. 1937-இல் முசோலினி திறந்துவைத்த சினெச்சித்தா ஸ்டூடியோ அப்போது அகதிகள் முகாமாக இருந்தது. வேறு வழியில்லாமல் அவிஞோனெஸி தெருவில் ஒரு பழைய கூடத்தைப் பிடித்து, கெஸ்டாபோ (ஜெர்மன் ரகசியக் காவல்துறை) அலுவலகம், சித்திரவதை அறை ஆகியவற்றை அங்கே செட் போட்டார்கள். குண்டு வெடித்த ராஸெல்லா தெருவுக்கு அடுத்த தெரு அது.
2. குரல் பதிவு செய்யாமல் படம் பிடித்து, பிறகு டப்பிங்கில் சேர்த்தார்கள். அதனால் கேமராவைத் தெருவில் இஷ்டம்போல் கொண்டுபோக முடிந்தது.
3. மாஞானியும் பாதிரியாராக வரும் ஆல்டோ ஃபாப்ரிட்ஸியும் பேர் பெற்ற மேடைக் கலைஞர்கள். அவர்களைச் சுற்றி நின்றவர்களில் பலர் சாதாரண மக்கள்.

கிடைத்த துண்டுத் துணுக்குப் பிலிமையெல்லாம் ஒட்டி எடுத்தார்கள் என்ற கதை நெடுநாள் உலவியது. 1990-களில் மூல நெகட்டிவைச் சீரமைத்தபோது, அவ்வளவு தாறுமாறாக இல்லை, வெளிப்புறத்துக்கு ஒருவகை, உள்ளே எடுப்பதற்கு வேறுவகை என்று தெரிந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று புலப்பட்டது. வறுமை உண்மை; ஆனால் திட்டமும் இருந்தது. திரைக்கதையில் செர்ஜோ அமிதெயும், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஃபெதெரிகோ ஃபெலினியும் உழைத்தார்கள். மன்ஃபிரெதி கூரை வழியாகத் தப்புவது அமிதெய்க்கே நேர்ந்த அனுபவம். 1945 செப்டம்பரில் ரோமில் முதல் காட்சி நடந்தது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் பெரும் பரிசு பெற்ற படங்களில் இதுவும் ஒன்று.

அந்த இடங்கள் இன்று

*ஸ்பானியச் சதுக்கம்.* படத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் லாரி வந்து நிற்கும் வீடு இருக்கும் இடம். எதிர்ப்பு இயக்கத்தவர் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கிய பகுதி இன்று விலையுயர்ந்த ஆடைக்கடைகளும் சுற்றுலாப் பயணிகளும் நிறைந்த இடம். கூட்டம் தாங்காமல் 2019 முதல் அந்தப் புகழ்பெற்ற படிகளில் உட்கார்ந்தாலே அபராதம்.

*தாஸ்ஸோ தெரு, 145-ஆம் எண்.* நிஜ கெஸ்டாபோ சிறை. படத்தில் வருவது செட் என்றாலும் பார்ப்பவர் மனதில் இந்தக் கட்டடம்தான். 1955-இல் இது விடுதலை அருங்காட்சியகமானது. செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்களும், கைதிகள் சுவரில் கீறிய வரிகளும் அப்படியே இருக்கின்றன. மற்றபடி அது சாதாரணக் குடியிருப்புத் தெரு.

*சதுரக் கொலோசியம்.* கைதிகளை ஏற்றிப்போகும் வண்டிகளை எதிர்ப்பு இயக்கத்தினர் மறிக்கும் காட்சியின் பின்னணியில், வளைவு வளைவாக ஜன்னல்கள் கொண்ட பெரிய வெள்ளைக் கட்டடம் தெரியும். முசோலினி 1942-இல் நடத்த நினைத்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டத் தொடங்கியது. போரால் கண்காட்சி நடக்கவே இல்லை. படம் எடுத்த நாளில் சுற்றிலும் வெறும் பொட்டல். இன்று அப்பகுதி அலுவலகங்கள் நிறைந்த எயூர் வட்டாரம். அந்தக் கட்டடத்தில் 2015 முதல் ஃபெண்டி என்ற ஆடம்பர ஆடை நிறுவனத்தின் தலைமையகம் இயங்குகிறது.

*ராஸெல்லா தெரு.* படத்தில் இல்லை, ஆனால் படத்தின் அடியில் இருக்கிறது. ஒரு கட்டடத்தின் சுவரில் குண்டுத் துளைகளைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள்.

*மொந்தேகூக்கொலி தெரு, 17-ஆம் எண்.* பீனா விழுந்த தெரு. கிழக்கு ரோமில், பிரெனெஸ்தீனா சாலையை ஒட்டிய குட்டைத் தெரு. அந்தக் குடியிருப்புக் கட்டடம் இன்றும் நிற்கிறது, படப்பிடிப்பைச் சொல்லும் பலகையும் உண்டு. ரோமின் இன்னொரு கோடியில், ஜூலியோ சேஸரே சாலையில், தெரேஸா குல்லாச்சேக்கு ஒரு பலகை இருக்கிறது. ஒன்று நடந்த கொலைக்கு, மற்றொன்று நடித்த கொலைக்கு. படத்தின் பலகையைத் தேடிப் போகிறவர்கள் குல்லாச்சேயின் பலகைக்கும் போக வேண்டும் என்பேன்.

பின்யெத்தோ: ஆள் மாறிய வட்டாரம்

படத்தின் இதயம் கிழக்குப் புறநகர். மஜோரே வாயிலைத் தாண்டி, பிரெனெஸ்தீனா, கஸிலீனா சாலைகளுக்கு நடுவே இருக்கும் பின்யெத்தோவும் அதன் சுற்றுப்புறமும் ரயில்வே ஊழியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாழ்ந்த இடம். தண்டவாளங்கள் அருகே என்பதால் 1943 குண்டுவீச்சு இங்கேயும் விழுந்தது. கஸிலீனா சாலையில் இருக்கும் புனித எலெனா தேவாலயத்தின் பங்குத் தந்தை, அடிபட்டவர்களுக்கு உதவப் போய் ஆகஸ்ட் 13-இல் உயிர்விட்டார். எதிர்ப்பு இயக்கத்துக்கு இங்கே வேர் இருந்ததற்குக் காரணம் எளிது: ஆலை, சங்கம், ஒரே முற்றத்தைப் பகிரும் வீடுகள். படத்தில் பீனாவின் கட்டடத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சோதனை வந்ததும் மாடிப்படி முழுக்கச் செய்தி பரவிவிடும். இது திரைக்கதைக்காகக் கற்பனை செய்ததல்ல. அந்த வட்டாரமே அப்படித்தான் இயங்கியது.

பிறகு வந்த மாற்றங்களை நான்கு அலைகளாகப் பிரிக்கலாம்.

1. ஆலைகள் மூடின. பிரெனெஸ்தீனா சாலையில் செயற்கைப் பட்டு தயாரித்த ஸ்னியா விஸ்கோஸா ஆலை 1920-களில் தொடங்கி 1950-களின் நடுவில் நின்றது. கூடவே வட்டாரத்தின் வேலைவாய்ப்பும் போனது.

2. நெடுஞ்சாலை வந்தது. பிரெனெஸ்தீனாவின் மேலே 1970-களில் உயர்மட்டச் சாலை போட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெகு அருகே கார்கள் ஓடுகின்றன. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஊரின் ஓரமாக இருந்த இடம், ஊரைக் கடந்துபோகும் வழியாகிவிட்டது.

3. புதியவர்கள் வந்தார்கள். மஜோரே வாயிலுக்கு அருகே மூடிக் கிடந்த பந்தனெல்லா மாவு ஆலையில் 1990-இல் வங்கதேசம், பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தங்கினார்கள். 1991 தொடக்கத்தில் அவர்களை வெளியேற்றினார்கள். பிறகு அந்த ஆலை வசதியான குடியிருப்பானது. வெளியேறியவர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. பின்யெத்தோவுக்கு அடுத்த தோர் பிஞத்தாரா இன்று இத்தாலியில் வங்கதேசத்தவர் மிகுதியாக வாழும் இடங்களில் ஒன்று.

4. வாடகை ஏறியது. கலைஞர்கள், மாணவர்கள், மதுக்கூடங்கள், சுவரோவியங்கள் என்று 2000-க்குப் பிறகு பின்யெத்தோ இரவு நேரத்துக்குப் பேர்பெற்றது. 2015 ஜூனில் மெட்ரோ சி தடத்தின் நிலையமும் திறந்தது. தொழிலாளர் குடும்பங்களுக்கு அங்கே வீடு எட்டாததாகிவிட்டது.

ஸ்னியா ஆலையின் பிற்காலம் தனிக்கதை. 1992-இல் ஆலை நிலத்தில் வணிக வளாகம் கட்டத் தோண்டியவர்கள் நிலத்தடி நீர்மட்டத்தைக் குத்திவிட்டார்கள். தண்ணீர் பொங்கி ஒரு ஏரியே உருவானது. கட்டுமானம் நின்றது. அக்கம்பக்கத்தார் பல ஆண்டுகள் போராடி அதைக் காத்தார்கள். 2020-இல் லாத்ஸியோ மாநில அரசு அதை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. முற்றம் பகிர்ந்த குடும்பங்கள் போனாலும், ஒன்றுசேர்ந்து நிற்கும் பழக்கம் இந்த வட்டாரத்தைவிட்டு முழுதாகப் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இதனால் படம் எப்படி மாறுகிறது?

ஆக்கிரமிப்பின் நினைவு இன்று ரோமில் தாஸ்ஸோ தெரு, ஆர்தேயாத்தீனே நினைவிடம், யூதர்களை இழுத்துப்போன வீடுகளின் வாசலில் 2010 முதல் பதிக்கப்பட்டுவரும், அவர்கள் பெயர் பொறித்த பித்தளைக் கற்கள் என்று முறையாகப் பேணப்படுகிறது. படம் சொல்லாமல் விட்ட அக்டோபர் 16-ஐ இந்தக் கற்கள் சொல்கின்றன. அந்த வகையில் நகரம் படத்தைத் தாண்டி வந்துவிட்டது.

படம் முன்னிறுத்திய புறநகர் ஏழைகள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கட்டடங்கள் இருக்கின்றன, அங்கே வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் வெளியே, வட்டச்சாலைப் பக்கம் போய்விட்டார்கள். படத்தில் சிறுவர்கள் ஒரு குழுவாகக் கூடி ஜெர்மானியருக்கு எதிராகக் குண்டு வைப்பார்கள். இறுதியில் பாதிரியாரின் மரணத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குள் நடந்து போவதும் அவர்களே. அந்த வயதுப் பிள்ளைகள் இன்று தோர் பிஞத்தாராவில் படிக்கும் பிஸகானே பள்ளி இத்தாலியச் செய்திகளில் பலமுறை அடிபட்டது. மாணவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பெற்றோரின் குழந்தைகள் என்பதே காரணம். 2010-இல் கல்வி அமைச்சகம் ஒரு வகுப்பில் அத்தகைய பிள்ளைகள் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோதும் விவாதம் இந்தப் பள்ளியைச் சுற்றியே நடந்தது. அப்பிள்ளைகளில் பலர் ரோமிலேயே பிறந்தவர்கள். ஆனால் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தாலியில் பிறந்து தொடர்ந்து அங்கேயே வாழ்ந்தாலும், பெற்றோர் குடியுரிமை பெற்றிருந்தால் ஒழிய, 18 வயது நிறைந்த பிறகுதான் அவர்கள் குடியுரிமை கேட்க முடியும்.